மூச்சுக்குத் தனி டிராக்

சாலிகிராமத்தில் அந்த ஸ்டுடியோ இரண்டாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
முப்பத்தாறு படி ஏறி
தயானந்தன் நீட்டும் ஸ்டூலில்
பத்து நிமிடம் நான் உட்கார்ந்த பிறகுதான்
நாயகி ஓட ஆரம்பிப்பாள்.

மழையில் ஓடுவாள், மணலில் ஓடுவாள்,
நேற்று ஒரு தொழிற்சாலைக் கூரைமேல் ஓடினாள்.
ஐம்பத்தோரு கிலோ இருப்பாள்.
அவளுக்காக மூச்சு வாங்கும் நான்
நூற்றுப் பன்னிரண்டு.
"கொஞ்சம் குறைச்சு வாங்குங்க மேடம்,
அவங்களுக்கு இவ்வளவு இரைக்காது"
ஹெட்ஃபோனுக்குள் தயானந்தன்.

நுங்கம்பாக்கத்துக் க்ளினிக்கில் சுவரெல்லாம் கண்ணாடி.
டாக்டர் ஷிரின் நீல மார்க்கரால்
என் வயிற்றில் வட்டத்துக்குள் வட்டம் போட்டார்,
வங்கக் கடலில் புயல் நிற்கும்போது
டிவியில் காட்டும் படம் மாதிரி.
நான்கு லிட்டர் வரை உறிஞ்சலாம்.
லிட்டரா?
பால் தெரியும், பெட்ரோல் தெரியும்,
லாரித் தண்ணீர் தெரியும்.
இது புதுக் கணக்கு.
சேலை நன்றாக நிற்கும் என்றார்.
சர்க்கரை?
மார்க்கரை மூடினார்.
"அது அப்படியேதான் இருக்கும்.
இது எடை குறைக்கிற வேலை இல்லைம்மா,
வடிவம் திருத்துற வேலை.
உங்க எடைக்கு நான் இதைத் தொடவே கூடாது."
அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால்
அன்றைக்கே பணம் கட்டியிருப்பேன்.

மை மூன்று நாள் போகவில்லை.
வட்டத்துக்கு உள்ளே இருப்பது கொழுப்பு,
வெளியே இருப்பது நான் என்று
சோப்பு போடும்போது பிரித்துப் பார்த்தேன்.
பிரியவில்லை.

கிரீம்ஸ் சாலையில் கண்ணாடி இல்லை.
மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் இரைப்பை.
டாக்டர் இளங்கீரன் அதை டக்கென்று இரண்டாக்கினார்.
பெரிய துண்டு வெளியே.
மிச்சம் ஒரு வாழைப்பழம்.
"அரை இட்லியில் நிறையும்.
தண்ணீர்கூட மடக்கு மடக்காத்தான்.
ஆயுசுக்கும் சத்து மாத்திரை.
முடி கொட்டும், தோல் தொங்கும்.
சர்க்கரை இறங்க நல்ல வாய்ப்பு இருக்கு,
சத்தியம் பண்ண மாட்டேன்."

"வாயைக் கட்டினா போதாதா?" என்றாள்
பெரம்பூரிலிருந்து வந்த நாத்தனார்.
வாயைக் கட்டினால்
என் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
மயக்க மருந்து கொடுக்கும்போது
தொண்டைக்குள் குழாய் போகுமாமே.
"கொஞ்ச நாள் கரகரக்கும்.
பெரும்பாலும் சரியாயிடும்."

பெரும்பாலும்.
நாயகியின் குரலில் சொல்லிப் பார்த்தேன்,
காதல் கைகூடும்போல் இருந்தது.
வில்லியின் குரலில், யாரோ சாகப்போகிறார்கள்.
என் சொந்தக் குரலில்
ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதோடு சரி,
அதில் பெரிய வசனம் பேசிப் பழக்கமில்லை.

ராத்திரி முகமூடி மாட்டிப் படுக்கிறேன்.
கட்டிலடியில் அந்த மெஷின்
புஸ் புஸ் என்று விடியும்வரை.
எனக்கு டப்பிங் அதுதான்.

வியாழன் அட்மிஷன் என்று எழுதிக் கொடுத்தேன்.
செங்கமலம், வயது நாற்பத்து மூன்று,
தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
குரல்.

புதன் சாயங்காலம் தயானந்தன் மெதுவாகக் கேட்டான்:
"ஸ்டாக்குக்குக் கொஞ்சம் மூச்சு குடுத்துட்டுப் போறீங்களா?"
ஓடுகிற மூச்சு கொடுத்தேன், பயந்த மூச்சு,
அழுது ஓய்ந்த பிறகு வரும் மூச்சு.
முத்தத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
கடைசியில் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்து
இரைந்தது இரைந்தபடி ஒன்று.
"இது எந்த சீனுக்கு மேடம்?"
இருக்கட்டும், வை என்றேன்.

இறங்கும்போது படிகளை எண்ணினேன்.
முப்பத்தைந்துதான் வந்தது.
சரிபார்க்க மறுபடி ஏறுவதாக இல்லை.